விரியன் முகத்தில் இரண்டு குழிகள்

கண்ணைக் கட்டிவிட்டாலும் பாம்பு எலியைக் குறி தவறாமல் கொத்துமாமே, உண்மையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எந்தப் பாம்பு என்று பார்க்க வேண்டும். நல்ல பாம்பிடமும் கண்ணாடி விரியனிடமும் அதற்கான கருவி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் குழிவிரியனிடம் இருக்கிறது: மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒரு குழி.

சூடுள்ள எதுவும் கதிர் வீசும். சூரியனின் கதிர் நம் கண்ணுக்குத் தெரிகிறது. எலியின் கதிர் சுமார் 10 மைக்ரான் அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் போகிறது. 1800இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் வெயிலை நிறங்களாகப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் தெர்மாமீட்டர் வைத்து அகச்சிவப்பைக் கண்டுபிடித்த கதை பள்ளியிலேயே படித்ததுதான்.

குழிக்கு வருவோம். அதன் உள்ளே, முன்னும் பின்னும் காற்று இருக்க, ஒரு சவ்வு தொங்குகிறது. கனம் சுமார் 15 மைக்ரான். தலைமுடியில் கால்வாசிகூட இராது. ஏன் இவ்வளவு மெலிசு? காலை வெயில் பட்டதும் தகரக் கூரை சுடுகிறது, கருங்கல் திண்ணையோ மதியம் வரை குளுகுளுவென்று கிடக்கிறது அல்லவா, அதே கணக்கு. எலியிடமிருந்து வரும் சொற்பச் சூடு இந்தச் சவ்வை நொடியில் காய்ச்சிவிடும். டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு ஏறினாலே நரம்புக்குத் தெரிந்துவிடும். உடனே சவ்வில் ஓடும் நுண் இரத்தக் குழாய்கள் அந்தச் சூட்டை வாரிக்கொண்டு போய்விடுகின்றன. சிலேட்டை அழித்தாயிற்று, அடுத்த படம் எழுதலாம். மூளையில் இந்தப் படம் கண் காட்டும் படத்தின் மேலேயே போய்ப் படிகிறது.

சூட்டை உணரும் புரதம் டிஆர்பிஏ1 என்று அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழு 2010இல் கண்டறிந்தது. அது நம்மிடமும் உண்டு. கடுகு நெடி மூக்கில் ஏறும்போது அலறுவது அதுதான். மிளகாய்க் காரம் ஏன் சுடுகிறது என்று தேடிய ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பாம்பையும் மிளகாயையும் ஆராய்ந்து யாருக்கு என்ன லாபம் என்று, ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும் கோப்பைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பாம்பு பழிவாங்கும் என்று நம்புவதற்கு மட்டும் நமக்கு எந்த நிதியும் தேவைப்படுவதில்லை.

வால்பாறையில் ஒரு மழை இரவில், டார்ச் வெளிச்சத்தில் இந்தக் குழிவிரியன் ஒன்றைப் பார்த்தேன். கிளையில் பாசி படிந்த கயிறுபோல் சுருண்டிருந்தது. டார்ச்சை அணைத்தேன். அதன் முகத்துக் குழிகள் நினைவுக்கு வர, இருட்டிலேயே நான்கடி பின்னால் நகர்ந்தேன்.