வெளிமூச்சில் ஒரு பிரேக்

“காலை டிபன், பிள்ளைகளின் வேன், அப்புறம் ஆபீஸ். நடுவில் எனக்கென்று கிடைப்பது ரெண்டே நிமிஷம். அதில் மூச்சை மெதுவாக விட்டால் படபடப்பு அடங்கும் என்கிறார்களே, நிஜமா?” என்று ஒரு வாசகி கேட்கிறார்.

நிஜம்தான். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வரும், விடும்போது விலகும். இளவயதில் நன்றாகத் தெரியும், வயது ஏற ஏற மங்கும்.

இதயத்தில் சைனோஏட்ரியல் கணு என்ற சின்னத் திசுதான் தாளம் போடுகிறது. அதை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 முறை துடிக்க வைக்கும். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களுக்கு ஓய்விலும் நாடி வேகமாக ஓடுவது இதனால்தான். நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். நமக்கோ 70 சொச்சம். ஆக, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் பிரேக்கில் கால் வைத்தபடியேதான் வண்டி ஓடுகிறது. அந்தப் பிரேக்தான் மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு. மூச்சை இழுக்கையில் மூளைத்தண்டு காலைக் கொஞ்சம் எடுக்கிறது, விடுகையில் மிதிக்கிறது.

நரம்பு இதயத்திடம் எப்படிப் பேசுகிறது? எனக்கு அலுக்காத கதை இது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி என்ற மருந்தியல் ஆய்வாளர் ஒரு சோதனையைக் கனவில் கண்டார். பாதித் தூக்கத்தில் குறித்தும் வைத்தார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை! மறுநாள் இரவு அதே கனவு. இந்தமுறை நேரே ஆய்வகத்துக்கே போய்விட்டார். இரண்டு தவளை இதயங்கள், கொஞ்சம் உப்புக் கரைசல். முதல் இதயத்தின் வேகஸைத் தூண்ட, அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட, அதுவும் மெதுவானது. நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது என்று 1921-இல் தெரியவந்தது இப்படித்தான். 1936-இல் நோபல். (இன்று இதற்கு நிதி கேட்டால் ‘இதனால் என்ன பயன்?’ என்று ஒரு படிவம் நீட்டுவார்கள்.)

அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். அது இதயச் செல்லின் பொட்டாசியம் வாயில்களைச் சட்டென்று திறந்துவிடும், துடிப்பு மெதுவாகும். உடனே ஒரு நொதி அதைச் சிதைத்தும் விடும். அதனால்தான் ஒரே மூச்சுக்குள் பிரேக் பிடித்து விடவும் முடிகிறது. வேகத்தைக் கூட்டும் நார்அட்ரினலின் அப்படியல்ல: ஏறவும் சில நொடி, இறங்க இன்னும் தாமதம்.

‘வெளிமூச்சில் நச்சு போகிறது’ என்று பணம் வாங்கிக்கொண்டு வகுப்பெடுப்பவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. போவது கரியமில வாயுவும் நீராவியும்.

குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது செய்து பாருங்கள்: நான்கு நொடி இழுத்து, ஆறு நொடி விடுங்கள். ரெண்டு நிமிஷத்தில் பன்னிரண்டு மூச்சு. தலை லேசாகச் சுற்றினால் அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது. இயல்பான மூச்சுக்குத் திரும்புங்கள்.