விதைநெல்லைக் குத்தும் வேளை

1987 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணி ஆளுக்கு ஆள் ஒரு பண்டமாற்று செய்தது. வாங்கியது டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயது பிட்சரை, அதாவது பந்தெறிபவரை. அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கொடுத்தது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயது பிட்சர் பையனை. பையன் அதே மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்தவன். பெரிய அணிகளுக்குக் கீழே இருக்கும் மைனர் லீக்கின் இரண்டாம் நிலையில் அந்த ஆண்டு தன் கணக்கில் 4 வெற்றி, 10 தோல்வி என்று திணறிக்கொண்டிருந்தான்.

அலெக்சாண்டர் வந்து 11 ஆட்டங்களில் பந்தெறிந்தார். ஆட்டத்தின் வெற்றி தோல்வியை பிட்சர் பேரில் எழுதுவது பேஸ்பால் வழக்கம்; அவர் கணக்கில் 9 வெற்றி, தோல்வியே இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஒன்றரை ரன்தான் விட்டார். டைகர்ஸ் 98 வெற்றியோடு, டொராண்டோ அணியை இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் முந்திப் பிரிவுப் பட்டத்தைப் பிடித்தது. அந்த 11 ஆட்டங்களில் சுமாரான ஒருவர் பந்தெறிந்திருந்தால் பட்டம் டொராண்டோவுக்குத்தான் போயிருக்கும்.

ஸ்மோல்ட்ஸோ அட்லாண்டாவில் 200-க்கும் மேற்பட்ட வெற்றி, 150-க்கும் மேற்பட்ட 'சேவ்' (கடைசியில் வந்து முன்னணியைக் காப்பாற்றிக் கொடுப்பது) என்று குவித்து, 2015-ல் புகழ்மண்டபத்துக்குப் போனார். பேஸ்பாலில் ‘ஏமாந்த வியாபாரம்’ என்று யார் பட்டியல் போட்டாலும் டெட்ராய்டின் பெயர் அதில் இருக்கும். அந்தப் பட்டியல்கள் டெட்ராய்டுக்கு அநியாயம் செய்கின்றன என்பது என் கட்சி. ஏன் என்று சொல்ல, முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே பல படிகளில் மைனர் லீக் அணிகள் இருக்கின்றன. பதினேழு, பதினெட்டு வயதில் பிடித்துவரும் பையன்களை ஒவ்வொரு படியாக ஏற்றி வளர்ப்பார்கள். 1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பிராஞ்ச் ரிக்கி இதை ஒழுங்கான ஓர் ஏற்பாடாக ஆக்கினார். அதற்கு அங்கே வழங்கும் பெயரே பண்ணைதான். ஆகவே, வளரும் பையன்களைக் கொடுத்து முழுசாக விளைந்த ஆளை வாங்குவதை விதைநெல்லைக் குத்துவது என்று நாம் சொன்னால் அவர்களுக்கும் புரியும்.

விதைநெல்லுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? மேலே வந்த பையன் சுமார் ஆறு ஆண்டு அந்த அணியை விட்டு வேறு இடத்துக்கு விலைபேசிப் போக முடியாது. அதில் முதல் மூன்று ஆண்டு அநேகமாகக் குறைந்தபட்சச் சம்பளம்தான், 2025-ல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டு, சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உயரும். அதற்குப் பிறகுதான் திறந்த சந்தை. அந்தச் சந்தையில் ஹுவான் சோட்டோ 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸிடம் 15 ஆண்டுக்கு 76.5 கோடி டாலர் வாங்கினார். இரண்டு தொகைக்கும் நடுவில் உள்ள பள்ளம்தான் பண்ணையின் லாபம்.

முளைக்காத விதையும் உண்டு என்பதுதான் சிக்கல். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நல்ல பெயர் எடுத்த பத்துப் பையன்களில் ஒருவர் நட்சத்திரமாகிறார், ஆண்டுக்கு 5 வெற்றி கூடுதலாகத் தருகிறார். மூவர் சராசரி ஆட்டக்காரர்கள், ஆண்டுக்கு 2. மீதி ஆறு பேர் சுவடே இல்லாமல் போகிறார்கள். ‘கூடுதல்’ என்பது, எந்த அணியும் நாளைக் காலை ஃபோன் போட்டு வரவழைக்கக்கூடிய சாதாரண மாற்று ஆளோடு ஒப்பிட்டு. அப்படியானால் ஆறு ஆண்டில் ஒரு பையனின் சராசரி மதிப்பு: நட்சத்திரப் பங்கு 3, சராசரிப் பங்கு 3.6, ஆக மொத்தம் ஆறரை வெற்றி. பிட்சர் பையனாக இருந்தால் இன்னும் கழித்துக்கொள்ளலாம். முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை என்றால் ஒரு வருஷத்துக்கு மேல் போய்விடும்.

மறுபக்கம், வாங்கப்போகும் ஆள். முழு சீசனுக்கு 6 வெற்றி கூடுதலாகத் தரும் பெரிய கை என்று வைத்துக்கொள்வோம். இப்படி ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதற்கான வியாபாரக் கெடு ஜூலை கடைசியில், அல்லது அதற்கு இரண்டொரு நாள் முன்பின்னாக வரும். அப்போது மிச்சமிருப்பது ஏறத்தாழ 55 ஆட்டம், அதாவது சீசனில் மூன்றில் ஒரு பங்கு. அவர் தரப்போவது 2 வெற்றி.

ஆறரையைக் கொடுத்து இரண்டை வாங்குவதா? வெற்றிகளைத் தராசில் போட்டு எண்ணினால் இந்த வியாபாரத்தை யாருமே செய்யக் கூடாது. ஆனால் ஆண்டுதோறும் செய்கிறார்கள், செய்பவர்கள் எல்லோரும் முட்டாள்கள் அல்ல. எல்லா வெற்றிக்கும் ஒரே விலை கிடையாது. 70-ஆவது வெற்றியை 71 ஆக்குவதில் ஒன்றுமில்லை, 87-ஐ 88 ஆக்குவதில் எல்லாமே இருக்கலாம்.

இதை எண்ணில் பார்க்கலாம். ஓர் அணி மீதி 55 ஆட்டத்தில் 30 வென்றால் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள், இல்லையென்றால் வீடு. அணி சராசரியானது, ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டுவது போலப் பாதிக்குப் பாதி. எதிர்பார்ப்பு இருபத்தேழரை வெற்றி. ஆனால் 55 தடவை நாணயம் சுண்டினால் அதிர்ஷ்டம் மட்டுமே மூன்று நான்கு வெற்றியை இப்படியோ அப்படியோ தள்ளிவிடும். கணக்குப் போட்டால் 30-ஐத் தொட சுமார் 30 சதவீத வாய்ப்பு. இரண்டு வெற்றி தரும் ஆள் வந்ததும் அது 50 சதவீதமாகிறது. இதே ஆளை 55-ல் 20 வென்றாலே போதும் என்ற நிலையில் உள்ள அணிக்குக் கொடுங்கள். 98 சதவீதத்துக்கும் மேலே இருந்தது 99-ஐத் தாண்டும், அவ்வளவுதான். 38 தேவைப்படும் அணிக்குக் கொடுத்தால் அரை சதவீதம்கூட இல்லாதது ஒன்றரை ஆகும். ஒரே ஆள், ஒரே இரண்டு வெற்றி. மேட்டின் சரிவில், அதாவது உள்ளேயா வெளியேயா என்ற விளிம்பில், நிற்பவனுக்கு மட்டும்தான் அது இருபது சதவீதம்.

விற்பவர் ஏன் விற்கிறார் என்பதும் இதிலேயே தெரிகிறது. 65 வெற்றியில் முடியப்போகும் அணிக்குத் தன் நட்சத்திரம் தரும் இரண்டு வெற்றியால் பைசா பிரயோசனமில்லை. அதிலும் சீசன் முடிந்ததும் ஒப்பந்தம் தீர்ந்து போய்விடுபவர் என்றால், கொடுத்து விதைநெல் வாங்கிக்கொள்வதே புத்தி. இருவருக்கும் லாபம் இருப்பதால்தான் சந்தை நடக்கிறது.

இங்கே நான் எதிர்பார்க்காத ஒரு திருப்பம் உண்டு. பிளேஆஃப் போவது வேறு, கோப்பை வெல்வது வேறு. 2022 முதல் 12 அணிகள் பிளேஆஃப் ஆடுகின்றன. ஒவ்வொரு லீகிலும் முதல் இரண்டு பிரிவுச் சாம்பியன்களுக்கு முதல் சுற்று கிடையாது. மற்றவர்கள் மூன்று ஆட்டத் தொடர், ஐந்து, ஏழு, மறுபடி ஏழு என்று நான்கு சுற்றையும் தாண்ட வேண்டும். பாதிக்குப் பாதி அணிக்கு நான்கு சுற்றைத் தாண்டும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. ஆகவே நம் சரிவு அணியின் கோப்பை வாய்ப்பு முன்பு 2 சதவீதத்துக்கும் கீழே. புது ஆள் வந்து, பிளேஆஃபிலும் அதே பலத்தைச் சேர்த்தால் சுமார் 5.

இப்போது ஏற்கெனவே இடத்தை உறுதி செய்துவிட்ட பலமான அணி, ஓர் ஆட்டத்தை வெல்ல 53 சதவீத வாய்ப்புள்ளது, முதல் சுற்றையும் ஆட வேண்டாதது. அதன் கோப்பை வாய்ப்பு 18 சதவீதம். அதே ஆள் அங்கே போனால் சுமார் 26. பிளேஆஃபுக்குப் போக அவர் தேவையே இல்லை, ஆனால் கோப்பைக்கு அவரால் வரும் கூடுதல் சரிவு அணிக்குக் கிடைத்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஊர் சந்தோஷமும் டிக்கெட் வருமானமும் வேண்டுமென்றால் சரிவில் நிற்பவன் வாங்க வேண்டும். கோப்பைதான் குறி என்றால் உச்சியில் நிற்பவன் வாங்க வேண்டும்.

2016-ல் சிகாகோ கப்ஸ் உச்சியில் நின்றது. 103 வெற்றியோடு சீசனை முடித்த அணி அது. ஜூலை 25 அன்று, தங்கள் பண்ணையின் முத்தான கிளைபர் டோரஸ் உட்பட நான்கு பேரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்து, கடைசி இன்னிங்ஸ் பிட்சர் அரோல்டிஸ் சாப்மனை வாங்கினார்கள். அவருடைய ஒப்பந்தத்தில் மீதி அந்த சீசன் மட்டுமே. 1908-க்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரை வெல்லாத அணி என்பதையும் தராசில் போட்டுக்கொள்ளுங்கள். நூற்றெட்டு வருஷப் பசிக்கு வட்டி போட எந்தச் சூத்திரமும் இல்லை. அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்தின் ராஜாய் டேவிஸுக்கு ஹோம் ரன் கொடுத்து ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுபோனவர் இதே சாப்மன்தான். கப்ஸ் பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று வென்றது. டிசம்பரில் சாப்மன் திரும்ப யாங்கீஸுக்கே போய்விட்டார். டோரஸும் அங்கே, 2018-ல் ஆல்-ஸ்டார், அதாவது சிறந்தவர்கள் ஆடும் காட்சி ஆட்டத்துக்குத் தேர்வானவர். யாங்கீஸுக்கு இரட்டை லாபம்தான், ஆனால் சிகாகோவில் யாரும் அழுததாகத் தெரியவில்லை.

அதே ஊரின் இன்னொரு அணி, அதே ஆண்டு. ஒயிட் சாக்ஸ் 23 வெற்றி, 10 தோல்வி என்று அமர்க்களமாகத் தொடங்கி, மே மாதத்தில் சறுக்கியது. பதறிப்போய் ஜூன் தொடக்கத்தில் சான் டியேகோவிடமிருந்து ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் என்ற மூத்த பிட்சரை வாங்கினார்கள். கொடுத்தவர்களில் ஒருவன் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடியிராத 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். ஷீல்ட்ஸ் சிகாகோவில் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏறக்குறைய ஏழு ரன் வீதம் வாரி விட்டார். அணி 78 வெற்றியோடு முடிந்தது. டாட்டிஸ் பெரிய நட்சத்திரமானார். பையன் இப்படி வளருவான் என்று அவர்களுக்குத் தெரியாமல் போனதைக் குற்றமாக நான் எண்ண மாட்டேன், விதையைப் பார்த்து மரத்தைச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் தாங்கள் சரிவில் நிற்கவில்லை, பள்ளத்தில் உருண்டுகொண்டிருக்கிறோம் என்பது கொஞ்சம் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும். ஜூன் தொடக்கத்தில் நூறு ஆட்டத்துக்கு மேல் பாக்கி. அந்த 23-10 அணியின் உண்மையான பலமா, நாணயத்தின் கருணையா என்று பிரித்துப் பார்க்கத்தான் கெடு வரைக்கும் நாள் இருக்கிறது. பல அணிகள் வாங்குவதா விற்பதா என்று கடைசி வாரம் வரை வாயைத் திறக்காமல் இருப்பது இதற்காகத்தான்.

வாங்க வேண்டும் என்றாலும் விதைநெல்லையே குத்த வேண்டும் என்பதில்லை. 2021-ல் அட்லாண்டா பிரேவ்ஸின் நட்சத்திரம் ரொனால்ட் அக்குன்யா ஜூலை 10 அன்று முழங்கால் தசைநார் கிழிந்து சீசனை இழந்தார். ஜூலை முடியும்போது அணி வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக வைத்திருந்தது. மூட்டை கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் ஜாக் பீடர்சன், எடி ரொசாரியோ, ஆடம் டுவால், ஹோர்ஹே சோலேர் என்று நான்கு அவுட்ஃபீல்டர்களை (மைதானத்தின் வெளிப்பகுதியைக் காப்பவர்களை) வாங்கினார்கள், பண்ணையின் முதல் வரிசையைத் தொடாமலே. யாரும் பெரிய கை அல்ல. ஆனால் ஓட்டை விழுந்த இடத்தில் சராசரி ஆளை நிறுத்தினாலே லாபம் முழுசாகக் கிடைக்கும். ஏற்கெனவே நல்ல ஆள் நிற்கும் இடத்தில் நட்சத்திரத்தை நிறுத்தினால் லாபத்தில் ஒரு பகுதி வீண். 88 வெற்றியோடு, பிளேஆஃப் அணிகளிலேயே குறைவான வெற்றியோடு உள்ளே போன பிரேவ்ஸ் கோப்பையை வென்றது. சோலேர் வேர்ல்ட் சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர்.

டெட்ராய்டுக்குத் திரும்புவோம். 1987-ல் பிளேஆஃப் போனவை நான்கே அணிகள். பிரிவில் முதலிடம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. உள்ளே போனபின் இரண்டு தொடர் வென்றால் கோப்பை. பாதிக்குப் பாதி அணிக்குக்கூட அது நான்கில் ஒன்று, இன்றைய பதினாறில் ஒன்றைவிட நான்கு மடங்கு. சரிவில் நின்ற அணிக்கு இரண்டு வெற்றியின் விலை அன்று உச்சத்தில் இருந்தது. புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டின் 22-ஆவது சுற்றில் எடுத்த, மைனர் லீகில் அடிவாங்கிக்கொண்டிருந்த பையனைக் கொடுத்து அதை வாங்கினார்கள். இன்று 12 அணிகள் போவதால் சரிவில் நிற்பவர்கள் அதிகம், வாங்க வருபவர்களும் அதிகம், ஆனால் ஆளுக்குக் கிடைக்கும் கோப்பை வாய்ப்பு சின்னது.

அரையிறுதித் தொடரில் அலெக்சாண்டர் எறிந்த இரண்டு ஆட்டத்தையும் தோற்றார். மினசோட்டா 4-1 என்று டைகர்ஸை வீட்டுக்கு அனுப்பியது. மறு ஆண்டு டைகர்ஸ் ஒரே ஆட்ட வித்தியாசத்தில் பிரிவுப் பட்டத்தைக் கோட்டைவிட்டது. 1989-ல் 103 தோல்வி, அதில் 18 அலெக்சாண்டர் பேரில். அந்தக் கோடையில் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானவர்களில் 22 வயது ஸ்மோல்ட்ஸும் ஒருவர்.