அப்பத்தா உருட்டி எடுத்த அழுக்கு

சோழவந்தானில் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்தால், வைகைப் படித்துறையில் உட்காரவைத்து அப்பத்தா பீர்க்கங்கூட்டால் முதுகைத் தேய்த்துவிடும். கருப்பு நூல் நூலாகத் திரண்டு வரும். "எம்புட்டு அழுக்குடா!" என்று காட்டும். அந்த அழுக்கில் என் தோலும் கலந்திருந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மேல்தோலின் வெளிப்பகுதி முழுக்கச் செத்த செல்கள். பெரும்பாலான இடங்களில் 15, 20 அடுக்கு இருக்கும். பக்கத்துச் செல்லோடு சேர்த்துப் புரதத்தால் தையல் போட்டிருக்கிறது. அந்தத் தையலைப் பிரிக்கும் கத்தரிகள்தான் கல்லிக்ரீன் என்ற நொதிகள். 5, 7, 14 என்று எண்ணிட்ட மூன்றும் முக்கியமானவை. இதில் 5 தான் மூத்தது. தானும் விழித்து மற்ற இரண்டையும் எழுப்பிவிடும்.

சரி, கத்தரி அடியிலேயே வெட்ட ஆரம்பித்தால்? அதற்குத்தான் லெக்டி என்ற தடுப்புப் புரதம். நொதி வெட்டும் வாயிலேயே போய் அடைத்துக்கொள்ளும். கத்தரியைச் செய்யும் தோலே இதையும் செய்கிறது.

அடைப்பை எடுத்துவிடுவது புளிப்பு. புளிப்பை அளக்கும் எண் பிஎச்; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். தோலின் ஆழத்தில் பிஎச் 7 பக்கம் இருக்கும், மேலே வரவர 5 வரை இறங்கும். அமிலம் ஏற ஏற லெக்டியின் பிடி தளர்கிறது. அந்தப் புளிப்பில் கல்லிக்ரீனும் மந்தமாகத்தான் வெட்டும், ஆனாலும் வெட்டும். உதிரவேண்டிய இடத்துக்கு வந்த பிறகே தையல் பிரிகிறது. (சீயக்காயும் லேசான புளிப்புதான். அதற்காக 'முன்னோர்களுக்கு லெக்டி தெரியும்' என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள்.)

லெக்டிக்கான மரபணு அம்மா வழி, அப்பா வழி இரண்டிலும் பழுதாக வந்தால் வருவது நெதர்டன் நோய். குழந்தை பிறக்கும்போதே தோல் சிவந்து உரியும், முடி மூங்கில் கணுப்போல முடிச்சிடும். காரணமான மரபணுவை 2000-இல் கண்டுபிடித்தார்கள். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. கொலஸ்ட்ரால் சல்பேட் என்ற கொழுப்பும் இந்த நொதிகளை அடக்கும். அதைச் சிதைக்கும் நொதி சிலருக்கு, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு, பிறவியிலேயே இருக்காது. தையல் பிரியாமல் பழுப்புச் செதில் அப்பிக்கொண்டே கிடக்கும்.

நொதிக்கு ஈரமும் வேண்டும். மார்கழியில் தோல் வறண்டதும் தையல் அரைகுறையாகப் பிரிந்து, செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டி நிற்கும். கால் சாம்பல் பூத்ததுபோல வெளுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திரும்பி நிற்கும்போது, அந்தக் காலில்தான் நாங்கள் நகத்தால் பெயர் எழுதி விளையாடுவோம்.