ஸ்ட்ரோக்கர் எஞ்சின்: பொருளும் தமிழும்

எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் ஸ்ட்ரோக்கர் என்று சொன்னால் அதற்கு ஒரே பொருள்தான். கம்பெனியிலிருந்து வந்த கிராங்க்கை (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) கழற்றிவிட்டு, வீச்சு, அதாவது ஸ்ட்ரோக், அதிகமுள்ள வேறு கிராங்க்கைப் போட்டு, அதற்கேற்ற பிஸ்டனும் அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும் மாட்டி, சிசி, அதாவது கொள்ளளவு, ஏற்றிய எஞ்சின். அந்தப் பாகங்களையெல்லாம் சேர்த்து ஒரே செட்டாக விற்பதற்குப் பெயர் ஸ்ட்ரோக்கர் கிட்.

பிஸ்டன் சிலிண்டரின் அடியிலிருந்து உச்சிக்குப் போகும் தூரம்தான் ஸ்ட்ரோக். சிலிண்டரின் உள்விட்டம் போர். இரண்டில் எதைக் கூட்டினாலும் சிசி ஏறும். திருவொற்றியூரில் தயாரான பழைய புல்லட்டைப் பாருங்கள், 350-க்கும் 500-க்கும் ஸ்ட்ரோக் ஒன்றேதான், 90 மி.மீ.; போர்தான் ஒன்றில் 70, இன்னொன்றில் 84. அது போரைக் கூட்டிய வழி. ஆனால் ஏற்கெனவே வார்த்து வைத்த பிளாக்கில் (சிலிண்டர்கள் அமைந்த எஞ்சின் உடல்) அப்படி இஷ்டத்துக்குப் போர் போட முடியாது, கொஞ்சம் குடைந்தாலே சிலிண்டர் சுவர் மெலிந்துவிடும். அதனால்தான் சிசி ஏற்ற நினைப்பவர்கள் கிராங்க்கில் கை வைக்கிறார்கள்.

சொல்லின் வேர் ஆங்கிலத்தில் 'அடி' என்ற பொருளுடையது. ஓங்கி அடிக்கும் அடி, துடுப்பை ஒரு முறை வலிப்பது, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே சொல்தான். பிஸ்டனின் ஓட்டத்துக்கு அந்தப் பெயர் பெட்ரோல் எஞ்சின் வருவதற்கு வெகுகாலம் முன்பே, நீராவி எஞ்சின் காலத்திலேயே ஒட்டிக்கொண்டது. ஸ்ட்ரோக்கர் என்ற வடிவம், பழைய கார்களை வேகத்துக்காக மாற்றியமைக்கும் அமெரிக்க ஹாட்ராட் பட்டறைகளின் பேச்சு. ஃபோர்டின் பிளாட்ஹெட் வி8 எஞ்சினுக்கு 95.25 மி.மீ. ஸ்ட்ரோக். 1949-இல் அதே குடும்பத்து மெர்க்குரி காருக்கு 101.6 மி.மீ. கிராங்க் வந்தது, வித்தியாசம் சரியாகக் கால் அங்குலம். அந்த கிராங்க்கைப் பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து ஃபோர்டு பிளாக்கில் போட்டால் 3.9 லிட்டர் எஞ்சின் 4.2 லிட்டராகிவிடும். அதற்கும் வழியில்லாதவர்கள் இருக்கிற கிராங்க்கில் ராடு மாட்டும் பின்னையே வெல்டிங் வைத்துப் பெருக்கி, மையம் விலகும்படி கிரைண்டிங் செய்து ஸ்ட்ரோக் கூட்டினார்கள்.

இதில் பேர்பெற்றது செவ்ரலே 383 (இங்கே 383, 350, 400 எல்லாம் கன அங்குலக் கணக்கு, சிசி அல்ல). கம்பெனி இப்படி ஒரு எஞ்சினைக் காரில் போட்டு விற்றதில்லை, பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்தது இது. 1967-இல் வந்த 350 எஞ்சினின் பிளாக், 1970-இல் வந்த 400 எஞ்சினின் கிராங்க், இரண்டையும் சேர்த்ததுதான். 88.4 மி.மீ. ஸ்ட்ரோக் 95.25 ஆகிறது, கூடவே போரையும் முக்கால் மி.மீ. குடைவார்கள், 5.7 லிட்டர் கிட்டத்தட்ட 6.3 லிட்டராகிறது. கேட்க எளிதாக இருக்கும், வேலை அப்படியில்லை. 400 கிராங்க்கின் மெயின் ஜர்னல் (பிளாக்கில் உட்கார்ந்து சுழலும் பகுதி) தடிமன் அதிகம், அதை 5 மி.மீ. அளவுக்குத் தேய்த்துக் குறைத்தால்தான் 350 பிளாக்கில் உட்காரும். அப்புறம் ஸ்ட்ரோக் ஏறக்குறைய 7 மி.மீ. கூடியிருக்கிறதே, அதில் பாதி மேலே போகும், பாதி கீழே போகும். மேலே போகிற அந்த 3.4 மி.மீ.-க்கு ஏதாவது செய்யாவிட்டால் பிஸ்டன் பிளாக்கை விட்டு வெளியே எட்டிப் பார்த்து, சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டில் இடிக்கும். 400-இன் கனெக்டிங் ராடு 350-இன் ராடைவிடக் குட்டை, எவ்வளவு குட்டை என்றால் அதே 3.4 மி.மீ.! அதனால் அந்த ராடைப் போட்டால், குடைந்த போருக்கேற்ற அளவில் 350-இன் சாதாரணப் பிஸ்டனே போதும். நீள ராடுதான் வேண்டும் என்றால், ராடை இணைக்கும் பின்னுக்கான துளை மேலே தள்ளி அமைந்த தனிப் பிஸ்டன் வாங்க வேண்டும். கீழே ராடு போல்ட் பிளாக்கின் ஓரத்தில் உரசும், அங்கே கிரைண்டர் பிடித்துக் கொஞ்சம் செதுக்கியாக வேண்டும். இத்தனை செய்தபின் குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை நன்றாகக் கூடும். ஆனால் பிஸ்டன் அதே நேரத்தில் அதிகத் தூரம் ஓட வேண்டியிருப்பதால் (6000 ஆர்பிஎம்மில் சராசரி வேகம் நொடிக்கு 17.7 மீட்டரிலிருந்து 19 மீட்டராகிறது) ராடுக்கும் போல்ட்டுக்கும் பாரம் ஏறும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சட்டென்று 'நெடுவீச்சு எஞ்சின்' என்று எழுதத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்ட்ரோக் போரைவிட நீளமாக இருந்தால்தான் நெடுவீச்சு; புல்லட் 350 அந்த வகை, அதை யாரும் ஸ்ட்ரோக்கர் என்பதில்லை. 383-க்கோ போர் 102 மி.மீ., ஸ்ட்ரோக் 95, கூட்டிய பிறகும் அது குறுவீச்சு எஞ்சின்தான். கம்பெனி வைத்த அளவிலிருந்து கூட்டியிருக்கிறார்கள் என்பதே இங்கே பொருள். அதனால் 'வீச்சு கூட்டிய எஞ்சின்' என்பதே சரி, கிட்டுக்கு 'வீச்சுக்கூட்டுத் தொகுதி'. நான்கு ஸ்ட்ரோக்கை நான்கடிப்பு என்று எழுதுகிறார்களே, அடிப்பு ஆகாதா என்றால், எண்ணிக்கைக்கு ஆகும். நீளத்தைச் சொல்ல வீச்சுதான் வாயில் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, பள்ளி இயற்பியலில் வீச்சு என்பது நடுப்புள்ளியிலிருந்து ஒரு பக்கம் போகும் தூரம், எஞ்சினில் கோடியிலிருந்து கோடி வரை. படித்த கணக்கை அப்படியே போட்டால் பாதிதான் கிடைக்கும்.

கூடவே, சிசியைக் குறிக்க 'இடப்பெயர்ச்சி' என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். 'கொள்ளளவு' என்றாலே எல்லாருக்கும் புரிகிறது: வீச்சு கூட்டியதில் எஞ்சினின் கொள்ளளவு 5.7 லிட்டரிலிருந்து 6.3 லிட்டராக உயர்ந்தது.