வீட்டு ஐஸ் பழத்தின் சீனியை நாக்கால் அளக்க முடியாது

சித்திரை வெயிலும் பள்ளிக்கூட விடுமுறையும் சேர்ந்து வந்துவிட்டால் கொழும்பில் பிள்ளைகள் உள்ள வீடுகளின் பிரீசரில் ஐஸ் பழம் இருக்கும். வெள்ளவத்தையில் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கும் வைத்தியராக எனக்கு அதில் சந்தோஷம்தான். சாயமும் எசன்சும் கலந்த ஐஸ் பக்கெட்டை விட, நல்ல மாம்பழத்தை அரைத்து உறைய வைத்தது எவ்வளவோ மேல். ஆனாலும் பால் பற்களில் சூத்தையோடு வரும் பிள்ளைகளின் அம்மாமாரிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கும்போது, "கடையில ஒண்டும் வாங்கிக் குடுக்கிறதில்ல டொக்டர், எல்லாம் வீட்டில செய்த ஐஸ் பழம்தான்" என்ற பதிலை அடிக்கடி கேட்கிறேன். அவர்கள் மறைத்துப் பேசவில்லை. பிள்ளைக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்றுதான் இத்தனை பாடும் படுகிறார்கள். அதனால்தான் இதை விளக்கமாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிர் இனிப்பை மறைக்கும். நாக்கில் இனிப்பை உணரும் கலங்களில் இருக்கும் ஒரு புரதம் சூட்டுக்கு ஏற்றபடி வேலை செய்கிறது. குளிரக் குளிர அது மந்தமாகிவிடும். உருகிப்போன ஐஸ்கிரீமை ஒரு வாய் குடித்துப் பார்த்தால் திகட்டுகிறதல்லவா? அதே சீனிதான், உறைந்திருக்கும்போது நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. வீட்டில் நடப்பதும் இதுதான். பிளெண்டரில் அடித்த கலவையை ருசி பார்க்கிறோம், இனிப்பு அளவாக இருக்கிறது. உறைந்த பிறகு பிள்ளை நக்கிப் பார்த்துவிட்டு "இனிப்புக் காணாது அம்மா" என்கிறது. அடுத்த முறை இன்னும் இரண்டு கரண்டி கூடுகிறது. சில கிழமைகளில் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் அளப்பதில்லை.

அளந்து பார்ப்போம். அரை லீட்டர் கலவைக்கு அரைக் கப் சீனி போட்டால் அது கிட்டத்தட்ட 100 கிராம். அதை 6 அச்சில் ஊற்றினால் ஒரு ஐஸ் பழத்தில் 16 கிராமுக்கு மேல், அதாவது 4 தேக்கரண்டி சீனி. சேர்க்கும் சீனி, தேன், பழச்சாற்றில் உள்ள சீனி எல்லாம் சேர்ந்து ஒரு நாள் சாப்பாட்டில் கிடைக்கும் சக்தியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. நாளுக்கு 1300 கலோரி சாப்பிடும் ஒரு சின்னப் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் ஏறக்குறைய 16 கிராம். ஒரே ஒரு ஐஸ் பழத்தில் அந்த நாளின் கணக்கு முடிந்துவிடுகிறது. நம் நாட்டில் 2016இலிருந்து மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிறக் குறி இருக்கிறது. 100 மில்லிலீட்டரில் 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. மேலே சொன்ன கலவை அந்த எல்லையைத் தாராளமாகத் தாண்டுகிறது. வீட்டில் செய்ததற்கு அப்படி ஒரு குறி இல்லாததால் நாம்தான் கரண்டிக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

சீனி பாதிக் கதைதான், மீதி புளிப்பு. புளிப்பை பிஎச் என்ற அளவில் அளப்பார்கள், எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். வாயின் பிஎச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் பல்லின் வெளிப்படையான எனாமல் கரையத் தொடங்கும். தேசிக்காய்ச் சாறு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது, பேஷன் புரூட் 3ஐ ஒட்டி, அன்னாசி 3க்கும் 4க்கும் நடுவில். பழமாகக் கடித்துச் சாப்பிட்டால் உமிழ்நீர் நன்றாகச் சுரந்து வாயைக் கழுவிவிடும். ஐஸ் பழத்தையோ பிள்ளை முன்பற்களில் வைத்து மெதுவாக உறிஞ்சுகிறது, கார்ட்டூன் முடியும் வரைக்கும். வாய் பழைய நிலைக்குத் திரும்ப அரை மணி நேரமாவது வேண்டும். அதற்குள் அடுத்ததை எடுத்தால் பல் தேறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஆகவே எத்தனை என்பதை விட எத்தனை தடவை என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஒன்று கொடுங்கள், பிறகு தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பின்னேரம் முழுக்கப் பிரீசரைத் திறந்து திறந்து எடுக்கும் பழக்கம்தான் பல்லைக் கெடுக்கிறது.

சரி, சீனியைக் குறைத்தால் கல் மாதிரி உறைந்துவிடுகிறதே என்பீர்கள். அது உண்மைதான். தண்ணீர் உறையும் வெப்பநிலையைச் சீனி கீழே இறக்குகிறது, அதனால்தான் இனிப்புக் கூடிய ஐஸ் மெதுமையாக இருக்கிறது. சீனி இல்லாமல் அந்த மெதுமையைக் கொண்டுவர, சாற்றுக்குப் பதில் சதையைப் போட வேண்டும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் கடைகளுக்கு வரும் காலத்தில் நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து வாங்கி, தண்ணீர் விடாமல் அரைத்து, கனிந்த கதலிப் பழம் ஒன்றும் நான்கைந்து கரண்டி இனிப்பில்லாத யோகட்டும் சேர்த்து உறைய வையுங்கள். ஒரு கரண்டி சீனிகூடத் தேவைப்படாது. அச்சு இல்லையென்றால் சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும். வெளிப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் வைத்தால் கழன்று வரும். வத்தகப்பழத்தில் தண்ணீர்தான் அதிகம், தனியாகப் போட்டால் வெறும் ஐஸ் கட்டி, அதோடும் வாழைப்பழம் சேருங்கள். பேஷன் புரூட் வாசத்துக்கு ஒரு பழம் போதும். அவிக்காத அன்னாசியையும் பப்பாசியையும் யோகட்டோடு அரைத்து வைத்தால் கசந்துபோகும், அவற்றில் உள்ள நொதியங்கள் பால் புரதத்தை உடைப்பதால். அன்னாசியைக் கொஞ்சம் அவித்து ஆறவைத்துப் போட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாகாது, பெருகாமல் இருக்கும், அவ்வளவுதான். நெருப்புக் காய்ச்சல் கிருமி ஐஸிலும் உயிரோடு இருக்கக்கூடியது. அதனால் தண்ணீர் சேர்ப்பதென்றால் கொதித்தாறிய தண்ணீர்தான், பழத்தை வெட்டுவதற்கு முன் தோலையும் கழுவ வேண்டும். கரண்ட் நீண்ட நேரம் நின்ற நாளில் உருகியதைத் திரும்ப உறைய வைத்துக் கொடுக்காதீர்கள். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் நின்ற நாட்களில் நான் பலருக்குச் சொன்ன வழி இது: ஒரு கோப்பையில் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு சில்லறைக் காசை வையுங்கள். வெளியூர் போய் வந்து பார்க்கும்போது காசு உள்ளே இறங்கியிருந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது.

நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பழத்துண்டோ முழு திராட்சையோ போட்ட ஐஸ் பழம் வேண்டாம், தொண்டையில் சிக்கும். நன்றாக அரைத்ததை மட்டும் கொடுங்கள். குச்சி இல்லையென்று ஈர்க்கைச் செருகிக் கொடுப்பதும் ஆபத்து. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. புளிப்பான ஐஸ் பழம் சாப்பிட்ட உடனே பல் துலக்க அனுப்பாதீர்கள். இளகியிருக்கும் எனாமல் தேயும், அரை மணி நேரம் பொறுக்கட்டும்.

அப்புறம், பிள்ளையின் மேல் உதட்டை மாதத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சூத்தையின் தொடக்கமாக இருக்கலாம். அந்தக் கிழமையே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைட் வார்னிஷ் பூசி, சாப்பிடும் நேரத்தையும் மாற்றினால் பெரும்பாலும் பல்லைத் துளைக்காமலே நிறுத்திவிட முடியும். கோடு மண்ணிறமாகிக் குழி விழுந்த பிறகு வந்தால் அந்த வழி கிடையாது.