கோன்ச்சிங்: அரைப்பதா, குழைப்பதா?

சில சாக்லேட் உறைகளில், இத்தனை மணி நேரம் 'கோன்ச்' செய்தது என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். அரைத்த கொக்கோ விழுதைச் சூட்டோடு நெடுநேரம் கிளறிப் பதப்படுத்துவதுதான் கோன்ச்சிங். தமிழில் எழுதுவோர் இதை 'அரைத்தல்' என்றோ 'கடைதல்' என்றோ போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே பொருந்தாது.

சொல்லின் வேர் கடலில் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் கோன்ச்சா என்றால் சிப்பி. அது லத்தீன் 'கொங்கா', கிரேக்கக் 'கோங்கே' வழியாக வந்தது. நாம் சங்கு என்கிறோமே, அதன் வடமொழி வடிவமான 'சங்க'வும் கிரேக்கச் சொல்லும் உறவுச்சொற்கள் என்பது மொழிநூலார் பலர் கருத்து. சாக்லேட் ஆலைக்குள் இந்தச் சொல் நுழைந்தது ஒரு தொட்டியின் வடிவத்தால்.

அந்தத் தொட்டி ரோடால்ஃப் லின்ட்டினுடையது. 1879இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில், ஆரே ஆற்றங்கரையில், பழைய எந்திரங்களை வைத்துச் சாக்லேட் தொழில் தொடங்கியவர். நீளமான கருங்கல் தொட்டி. முனைகள் உள்நோக்கி வளைந்திருக்கும். உள்ளே ஒரு கல்லுருளை முன்னும் பின்னும் போய்வரும். கொக்கோ விழுது வளைவில் மோதி, அலைபோல் மடிந்து, உருளை மேலேயே திரும்ப விழும். ஒரு வெள்ளிக்கிழமை எந்திரத்தை நிறுத்தாமல் போய்விட்டார், திங்கட்கிழமை வந்து பார்த்தால் வழவழவென்று ஓடும் சாக்லேட் கிடந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கதை எப்படியோ, விளைவு உண்மை. அதுவரை சொரசொரப்பான விழுதை அச்சில் அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தது, இவருடையதை ஊற்றலாம். 1899இல் சூரிச்சின் ஸ்ப்ரூங்லி குடும்பத்து நிறுவனம் அவருடைய ஆலையையும் செய்முறை ரகசியத்தையும் 15 லட்சம் தங்க ஃபிராங்க் கொடுத்து வாங்கியது. லின்ட் & ஸ்ப்ரூங்லி என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த ரகசியத்துக்குள் நடப்பது என்ன? விழுது தொட்டிக்கு வருவதற்கு முன்பே 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்கு நைசாக அரைபட்டிருக்கும். 30க்கு மேல் போனால்தான் நாக்கு மணல் என்று கண்டுபிடிக்கும். தொட்டியில் முதலில் ஈரமும், புளிக்கவைத்த கொக்கோக் கொட்டையில் தங்கிய அசிட்டிக் அமிலமும் ஆவியாக வெளியேறும். ஈரம் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சர்க்கரைத் துகளையும் கொக்கோ வெண்ணெய், அதாவது கொட்டையிலுள்ள கொழுப்பு, போர்த்தும். மீதி வெண்ணெயும், விழுதை இளக்கும் லெசித்தினும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே போட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி, சாக்லேட் கெட்டியாகிவிடும். பால் சேராத டார்க் வகை 70-80 டிகிரி செல்சியஸ் தாங்கும். பால் சாக்லேட்டை 60க்கு மேல் விட்டால் காய்ச்சிய பால் வாடை வரும். மணிக்கணக்கு கூடக்கூட ருசி கூடும் என்பதும் பிரமைதான். அளவு மீறினால் புளிப்போடு மணமும் போய் வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

இப்போது தமிழுக்கு வருவோம். அரைத்தல் என்றால் துகளைச் சிறிதாக்குவது. அது இதற்கு முந்தைய வேலை. கடைதல் வெண்ணெயைப் பிரித்தெடுக்கும். இங்கே வெண்ணெய் ஒட்ட வேண்டும். தேனில் மருந்தைக் குழைக்கிறோம், நெற்றிக்குச் சந்தனம் குழைக்கிறோம். பொடியும் நெகிழ்வும் ஒன்றாகிற அந்தச் செயலுக்குப் பெயர் குழைத்தல். கோன்ச்சிங்கைக் 'குழைப்பு' என்றும், எந்திரத்தைக் 'குழைதொட்டி' என்றும் சொல்லலாம். 'சிப்பித்தொட்டி' அழகுதான், ஆனால் இன்றைய எந்திரங்கள் பலவும் உருண்டைத் தொட்டிகள்.

குழப்பத்துக்கு நம் வெட் கிரைண்டரும் ஒரு காரணம். அதன் வழிவந்த கல் எந்திரங்களில்தான் உலகெங்கும் சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் பலர் இரண்டு வேலையையும் முடிக்கிறார்கள். கல்லையும் கொக்கோவையும் முதலில் சூடாக்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் வெண்ணெய் இறுகிக் கல் சிக்கிக்கொள்ளும். கொக்கோவைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, விழுது ஓடத் தொடங்கிய பிறகே சர்க்கரை. ஈரக் கரண்டி ஒன்று பட்டாலும் மொத்தமும் களிமண்போல் திரண்டுவிடும். துகள் நைசாகும்வரை நடப்பது அரைப்பு. அதன்பின் கல்லின் அழுத்தத்தைத் தளர்த்தி, மூடியைத் திறந்துவைத்து, புளிப்பு வாடை அடங்கும்வரை ஓட்டுவதே குழைப்பு.