இரண்டாவது வாரத்தில் என்ன நடக்கிறது?

2021இல் உப்புவெளியில் எங்கள் மாமிக்குக் கொரோனா வந்ததை முதலில் காட்டிக்கொடுத்தது கட்டாக் கருவாடுதான். பொரிக்கிற மணம் படலை வரைக்கும் வந்தது. சட்டிக்குப் பக்கத்தில் நின்ற மாமியோ, "என்ன பிள்ளை, இந்தக் கருவாட்டில ஒரு மணமும் இல்லையே" என்றார்.

மணத்தை உணரும் நரம்புகளை இந்த வைரஸ் பெரும்பாலும் நேரே பிடிப்பதில்லை. அந்த நரம்புகளைத் தாங்கி நிற்கும் பக்கத்துக் கலங்களைத்தான் பிடிக்கிறது. அவற்றின் மேற்பரப்பில் ஏசிஈ2 என்ற புரதம் இருக்கிறது. வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முள் போன்ற புரதம் போய்ப் பொருந்துவது அதில்தான். பொருந்திய முள்ளை நம் உடம்பின் நொதியமே வெட்டிக்கொடுக்க, வைரஸின் உறை கலமென்சவ்வோடு ஒன்றிப்போகிறது. உள்ளே இறங்குவது வைரஸின் மரபுக் கட்டளைகள் எழுதியிருக்கும், சுமார் 30,000 எழுத்துள்ள ஓர் ஆர்என்ஏ இழை. நம் ரைபோசோம்கள் அதை நம்முடைய கட்டளை போலவே வாசித்து, வைரஸுக்கு வேண்டிய புரதங்களைச் செய்துகொடுக்கின்றன.

சரி, உடம்பு சும்மாவா இருக்கும்? தொற்றிய கலம் இன்டர்பெரோன் என்ற பொருளைச் சுரந்து அயல் கலங்களை எச்சரிக்க வேண்டும். அந்த எச்சரிக்கையை அமுக்கிவைக்கும் புரதங்கள் இந்த வைரஸிடம் உண்டு. இந்த நோயில் பாதி விஷயம் இந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது என்பேன். எச்சரிக்கை நேரத்துக்குப் போனால் தொண்டையோடு நின்றுவிடும். பிந்தினால் வைரஸ் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

அங்கே காற்றுச் சிற்றறைகள் ஒட்டிப்போகாமல் வைத்திருக்கும் பசைத்திரவத்தைச் சுரக்கிற கலங்களிலும் ஏசிஈ2 இருக்கிறது. அவை சாகத் தொடங்கும்போதுதான் வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்கின்றன. அவை கொட்டும் சைட்டோகைன்கள் என்ற அழற்சிப் பொருள்களால் மயிர்க்குழாய்கள் கசிந்து, காற்று நிற்க வேண்டிய சிற்றறையில் நீர் நிற்கிறது. சிறு குருதிக்கட்டிகளும் உண்டாகின்றன. முதல் வாரம் வைரஸின் வேலை. இரண்டாவது வாரத்தில் பலரை விழுத்தியது அவர்களுடைய உடம்பின் பதில்தான்.

ஒன்பதாம் நாள் குருதியின் ஒட்சிசன் அளவு பார்க்க மாமியின் விரலில் மாட்டிய கருவி 86 வீதம்தான் காட்டியது. அவரோ கதிரையில் இருந்து தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று கதைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை. நமக்கு மூச்சு முட்டுவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு தேங்குவதால். அது அவருக்கு இன்னும் வெளியேறிக்கொண்டிருந்தது. ஒட்சிசன் மட்டும் சத்தமில்லாமல் இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசனோடு டெக்சாமெதசோனும் கொடுத்தார்கள். அது எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து. 2020இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை அது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ அதனால் நன்மை தெரியவில்லை. வைரஸ் பெருகும் முதல் நாட்களில் எதிர்ப்பாற்றலை அடக்கினால் யாருக்கு லாபம்? அதனால்தான் வீட்டில் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம் என்று அத்தனை தரம் சொன்னார்கள்.

அந்த இரண்டாவது வாரத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. டீ கலங்கள் என்ற வெள்ளணுக்கள் தொற்றிய கலங்களைத் தேடிக் கொல்கின்றன. பீ கலங்கள் என்ற வேறு வெள்ளணுக்கள் முள்ளை மூடிவிடும் பிறபொருளெதிரிகளைச் செய்கின்றன. மாதங்கள் போகப் பிறபொருளெதிரி குறையும். ஆனால் வைரஸை நினைவில் வைத்திருக்கும் கலங்கள் எஞ்சியிருக்கும். தடுப்பூசி இந்தப் பயிற்சியை நோயில்லாமலே கொடுக்கிறது.

மாமி அப்புறம் இரண்டு ஊசியும் போட்டார். அடுத்த வருடம் திரும்பவும் தொற்றியது: மூன்று நாள் தடிமன், கொஞ்சம் உடம்பு உளைவு. கருவாட்டு மணம் இந்த முறை போகவில்லை.